இரைச்சல்காரர் வைத்த பொட்டு

“...சரி, அதெல்லாம் இருக்கட்டும். இப்ப கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம இருப்போம். இதோ... இதோ, கேக்குதா? இதைக் கேட்டுக்கினு உங்களால ஒரு நாள் இருக்க முடியுமாண்ணா?”

என் ஒலிப்பதிவு அறையின் நடுவில் நின்று, ஒரு விரலை மேலே தூக்கி, தலையைச் சற்றுச் சாய்த்து அவர் இப்படிக் கேட்டார். நான் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். அதை இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நானும் என் மனைவியும் மூன்று வருஷம் அவரை வீட்டு மனுஷராக வைத்திருந்தோம். அந்த மூன்று வருஷத்தையும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

ஊரில் அவருக்கு இரைச்சல்காரர் என்று பெயர். இரைச்சல் போடுகிறவர் இல்லை, எடுக்கிறவர். மைக் செட், கச்சேரிப் பெட்டி, ஒலிப்பதிவு சாமான் எதிலாவது அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பாருங்கள், அதை எடுக்கிறவர். நம் வீட்டுக் கரன்ட் ஒரு விநாடிக்கு ஐம்பது தடவை துடிக்கிறது. அந்தத் துடிப்புக்கு எங்காவது வழி கிடைத்தால் மைக் வயருக்குள் புகுந்துகொள்ளும். புகுந்துவிட்டால் நம் பேச்சுக்கு அடியில் அதுவும் கூடவே பேசும். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் இவ்வளவுதான். இதுவும் அவர் வாயால் கேட்டது.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். பிறகு திருவண்ணாமலையில் தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கட்டு அறையை ஒலிப்பதிவு அறையாக்கினேன். சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவுக்குப் பழைய மெத்தை. ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற விளம்பரம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் ஒலிக்கிற அறிவிப்பு, இவைதான் தொழில். எழுதுவது நான். பேசுவது என் மனைவி.

அவள் குரலை நீங்கள் கேட்டிருக்கக் கூடும். “பக்தகோடிகள் கவனத்திற்கு. குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கவும்.” மலையைச் சுற்றுகிற அத்தனை ஜனத்துக்கும் தெரிந்த குரல், யாருக்கும் தெரியாத முகம். ஒருநாள் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவள் விலை கேட்டதும், பக்கத்தில் நின்ற ஒரு அம்மா சட்டென்று தன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு அவரே சிரித்துவிட்டு, “உன் குரலைக் கேட்டா கை தானா போவுதும்மா” என்றாராம். வீட்டுக்கு வந்து இதை எனக்கு நாலு தரம் சொன்னாள்.

அந்தக் குரலுக்கு அடியில்தான் அந்த ‘உம்ம்ம்’ இருந்தது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் விளம்பரத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு, “அக்கா நல்லாத்தான் பேசுறாங்க. பின்னாடி யாரு மாவு ஆட்டறது?” என்றார். என் மனைவி அன்று பூராவும் என்னிடம் பேசவில்லை, நான்தான் மாவாட்டினேன் என்பது போல.

அப்போதுதான் அவர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். தோளில் துணிப்பை, சட்டைப் பையில் ஒரு டெஸ்டர், அதன் பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று. என்ன பிரச்சினை என்றுகூடக் கேட்கவில்லை. “எல்லாரும் கொஞ்ச நேரம் இல்லாத மாதிரி இருங்க” என்றார். ஃபேனை நிறுத்தினார். வீட்டுக்குள் போய் ஃப்ரிட்ஜை நிறுத்தினார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, அந்த ‘உம்ம்ம்’ சத்தத்தை அதே சுருதியில் மூக்கால் பிடித்து, கூடவே முனக ஆரம்பித்தார்.

என் மனைவி என் காதருகே, “இன்னாங்க, இவரு எடுக்க வந்தாரா, கூடப் பாட வந்தாரா?” என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “எதிராளி யாருன்னு தெரியாம எப்படி அண்ணி சண்டை போடறது?”

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அது எப்படிக் காதில் விழுந்தது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. அவர் காது அப்படி.

எனக்கு மனிதர்கள் சொல்கிற வாசகங்கள் என்றால் உயிர். விளம்பரம் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கங்களில் யார் நல்லதாக ஒன்று சொன்னாலும் குறித்து வைப்பேன். அவர் சொன்னது மட்டுமே ஆறு பக்கம் இருக்கிறது. “சத்தத்தைத் தேடாதீங்க, அது ஏறி வந்த படியைத் தேடுங்க” என்பார். என் அறையில் கரன்ட் வயரும் மைக் வயரும் ஒரே மூலையில் பின்னிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “இது ரெண்டும் சம்பந்திங்க மாதிரிண்ணா. குறுக்கால பாத்துக்கலாம், தப்பில்ல. பக்கத்து பக்கத்துல படுக்க வெச்சா ராத்திரியெல்லாம் புலம்பல்தான்” என்றார். மிக்ஸிங் பெட்டியை ஒரு சுவரிலும் கம்ப்யூட்டரை எதிர்ச் சுவரிலும் செருகியிருந்ததற்கு ஒன்று சொன்னார்: “இரைச்சல்ன்றது ஒட்டிக்கின சொந்தக்காரன். ரெண்டு வாசல் வெச்ச வீட்ல அவனை வெளிய அனுப்பவே முடியாது. இந்த வாசல்ல அனுப்பினா அந்த வாசல்ல வந்து காப்பி கேப்பான்.” இரண்டையும் ஒரே இடத்தில் செருக வைத்தார். முக்கால்வாசிச் சத்தம் அன்றே போய்விட்டது.

முக்கால்வாசி போனால் நமக்குப் போதும். அவருக்குப் போதாது. அந்த மனுஷரின் குணத்தைச் சொல்வதென்றால் இந்த ஒரு வரி போதும்.

டீக்கடையில் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று பெஞ்சு மாறுவார். “அந்தப் பால் ஃப்ரிட்ஜு அழுவுதுண்ணா, அது பக்கத்துல நின்னு எப்படிக் குடிக்கறது?” எனக்கு எதுவும் கேட்காது. வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் இருவரும் விருந்தாளிகளாகப் போயிருந்தோம். மந்திரம் சொல்கிற மைக்கில் லேசாக ‘உம்ம்ம்’. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் எப்போது எழுந்து போனார் என்று தெரியாது. கெட்டிமேளம் கொட்டுகிற சமயத்தில் அந்த இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றது. எல்லோரும் அட்சதை போடுகிறோம், மேடைக்கு அடியில் தொங்கிய துணியை விலக்கிக்கொண்டு, தலையெல்லாம் ஒட்டடையோடு இவர் தவழ்ந்து வருகிறார். பாதி அரிசி இவர் தலையில். பெண்ணின் அப்பா, “மாப்ள யாருப்பா, மேல உக்காந்திருக்கறவரா, கீழேருந்து வர்றவரா?” என்றார். மண்டபமே சிரித்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை. “தாலி ஏறும்போது பின்னாடி அது முனகக் கூடாதுண்ணா” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் அவர் தலையிலிருந்து ஒட்டடையை எடுத்துவிட்டேன். மேடைக்கு அடியில் என்ன செய்தார் என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

சிவப்புப் பொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும், தான் திறந்து மூடிய ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் அந்த நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பார். வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். “இந்தப் பொட்டு இருக்கற வரைக்கும் நான் பொறுப்பு. பொட்டு கலைஞ்சா நான் இல்ல.” இந்த ஊரில் இது ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது. பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி வாங்க வருகிறவர்கள்கூட, “இரைச்சல்காரர் பொட்டு இருக்குதா?” என்று கேட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள். இருந்தால் மறுபேச்சு கிடையாது.

என் அறையில் மிச்சமிருந்த அந்தக் கால்வாசிச் சத்தத்துக்காக அவர் பின்முற்றத்தில் குழி வெட்டினார். கரன்ட் சாமான் எதுவானாலும் அதன் உடம்பிலிருந்து ஒரு பச்சை வயர் மண்ணுக்குள் போக வேண்டும். சாமானுக்குள் கரன்ட் கசிந்தால் அது நம் உடம்பைத் தேடாமல் மண்ணைத் தேடிப் போய்விடும். இங்கே பாறை மண், அதிலும் வெயில் காலத்தில் எலும்பாய்க் காய்ந்து கிடக்கும். குழிக்குள் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். “வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை ஒரு பக்கெட் தண்ணி ஊத்துங்க அண்ணி. பூமிக்குத் தாகம் எடுத்தா மேல இருக்கற மெஷின் அழும்” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு நாளில் பதினோரு பேர் கொண்ட பஜனைக் குழு ஒன்று பதிவுக்கு வந்தது. காலையில் வந்தவர்கள் ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டுவிட்டு, “இன்னும் லேசா கேக்குதே” என்றார்கள். அவர் முகம் சுருங்கிப்போனது. “கோயிலுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வாங்க. ஒரு துளி கேட்டாலும் நான் இந்தத் தொழிலை விட்டுடறேன்” என்று பதினோரு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவர்கள் போனதும் என்னை இன்னொரு மூட்டை உப்பு வாங்கிவர அனுப்பினார். என் மனைவியைக் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார், ஒன்றல்ல, பத்துக் குடம்.

நான் உப்பு மூட்டையோடு திரும்பியபோது அவர் மிக்ஸிங் பெட்டியின் பிளக்கில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அப்படி ஒரு அமைதியை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

“எப்படிங்க?” என்றேன்.

“பூமி குளுந்துடுச்சுண்ணா” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் குழி ஊரில் பெயர் எடுத்துவிட்டது. ஆரணியிலிருந்தும் செங்கத்திலிருந்தும் மைக் செட்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, கொஞ்ச நாளில் ஒரு பூவும் வைக்க ஆரம்பித்தாள்.

பிறகு சில மாதம் கழித்து அவள் ஒருநாள், “மைக்குல உதடு பட்டா கூசுதுங்க” என்றாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். அவர் வந்தபோது சொன்னோம். “அண்ணி ஒடம்புல கரன்ட் ஜாஸ்தி” என்று சிரித்தார். மறுநாள் மைக்குக்கு ஒரு பஞ்சுத் தொப்பி வாங்கி வந்து மாட்டினார். “காத்து அடிக்காது, குரல் மெத்துனு வரும்.” அடுத்த வாரம் ஒரு தடித்த ரப்பர் மேட் வந்தது. அதை அவள் நாற்காலிக்குக் கீழே தன் கையாலேயே விரித்தார். “சிமென்ட் தரை சில்லுனு இருக்குது. மணிக்கணக்கா உக்காந்து பேசறீங்க, காலு வலிக்கும். மேட் மேல காலை வெச்சுக்கினுதான் பேசணும், சரியா?” போகும்போது திரும்பவும் சொன்னார்: “மறக்காதீங்க அண்ணி, காலு மேட் மேல.”

அவர் போனதும் என் மனைவி, “பாத்தீங்களா, கட்டின புருஷனுக்குத் தோணல. யாரோ ஒருத்தருக்குத் தோணுது” என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கூசுவது நின்றுவிட்டது. மேட் வந்ததால் நின்றது என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வருஷம் கார்த்திகை தீபத்துக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. என் மனைவியும் ஒரு காலையில் வீட்டை அலசிவிட்டாள். ரப்பர் மேட்டைத் தேய்த்துக் கழுவிக் கொடியில் போட்டாள். பஞ்சுத் தொப்பியையும் பிழிந்து காய வைத்தாள். தீபக் கூட்டத்துக்கான அறிவிப்பை அன்று மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தாள். நான் பதிவை ஓடவிட்டேன். மைக்கை வலது கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, “பக்தகோடிகள் க” என்றாள்.

அவ்வளவுதான். உடம்பு வில்லாக வளைந்தது. கை மைக்கை விடவில்லை. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தபோது நாற்காலியோடு சாய்ந்து கிடந்தாள். மைக் உதட்டில் ஒட்டிய இடத்தில் தோல் வெள்ளையாகிவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். உதட்டில் அரிசி அளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. அதைவிட, வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன ஒன்று நின்றுவிட்டது. “இனிமே நான் மைக்கு கிட்ட வர மாட்டேங்க. கூப்பிடாதீங்க.” கையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னவள், மறுபடி அந்த அறை வாசலைத் தாண்டவே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் வயரிங் பார்க்க ஒரு பெண்ணை அனுப்பினார். ஐ.டி.ஐ. படித்தவள். ஸ்கூட்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மிக்ஸிங் பெட்டியின் உடம்பில் டெஸ்டரை வைத்தாள், விளக்கு எரிந்தது. பிளக்கை எடுத்துப் பார்த்தாள்.

“திறக்காதம்மா. அவரு பொட்டு வெச்சது” என்றேன். நம்புங்கள், அந்த நிலைமையிலும் அப்படித்தான் சொன்னேன்.

“பொட்டு வெச்சா சாமியாண்ணா?” என்று கேட்டுவிட்டுத் திருகாணியைத் திருகினாள். பொட்டு உடைந்து உதிர்ந்தது. உள்ளே சிவப்பு வயர் இருந்தது, கறுப்பு வயர் இருந்தது. பச்சை வயரைக் கத்தரித்து, பின்பக்கமாக மடித்து, அழகாக டேப் சுற்றி வைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று முனை, ஒரு குறையும் இல்லாத பிளக்.

“எர்த்தைப் புடுங்கிட்டா இரைச்சல் போயிடும்ணா, அது எல்லாருக்கும் தெரிஞ்ச குறுக்கு வழி. இரைச்சல் போவும், ஆளும் போவும்” என்றாள். பிறகு பச்சை வயரை அதன் இடத்தில் முடுக்கிவிட்டு, பெட்டியைச் செருகினாள். செருகின உடனே, போர்டில் கரன்ட் எகிறினால் தானே அணைகிற சுவிட்ச் ‘டக்’கென்று கீழே இறங்கியது. “பாத்தீங்களா? உள்ள கசியுது. இந்த வயரு இருந்திருந்தா அன்னிக்கே இப்படி நின்னிருக்கும். மைக் வழியா அக்கா கைக்கு வந்திருக்காது.”

நான் ஜன்னல் வழியாகப் பின்முற்றத்தைப் பார்த்தேன். குழி மேல் போன வெள்ளிக்கிழமையின் பூ காய்ந்து கிடந்தது. மூன்று வருஷம் நாங்கள் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். அதிலிருந்து எழும்பி வந்த வயர் எங்கள் பெட்டியைத் தொடவே இல்லை.

கோபம் அப்போது வரவில்லை. கொடியில் தொங்கிய ரப்பர் மேட்டைப் பார்த்தபோதுதான் வந்தது. தெரியாமல் செய்தவர் மேட் வாங்கிவர மாட்டார்.

தீபத்துக்கு ஜனம் வந்து குவியுமுன் மற்ற இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்தான் சொன்னாள். அவள் ஸ்கூட்டிக்குப் பின்னால் நானும் என் வண்டியில் போனேன். வேங்கிக்கால் மண்டபத்து மேனேஜர், “அவரா? சேச்சே. அவர் வேலைன்னா கண்ண மூடிக்கலாங்க” என்றார். “மூடிக்கினுதாங்க இருந்தோம்” என்றேன். மேடைக்கு அடியில் நானே தவழ்ந்து போனேன், ஒட்டடை அப்படியேதான் இருந்தது. பச்சை வயர் மடித்துக் கிடந்தது. மேலே, மந்திரம் சொல்கிறவர் உட்காருகிற இடத்தில் ஒரு தடித்த ரப்பர் மேட். “அது இரைச்சல்காரரு அன்பளிப்பா குடுத்தது” என்றார் மேனேஜர். அடி அண்ணாமலையில் அன்னதானக் கூடத்தில் ஈரக்கையோடு மைக்கைப் பிடித்து வரிசையைக் கூப்பிடுகிற இடத்திலும் ஒரு மேட். அங்கேயும் பச்சை வயர் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் பொட்டு இருந்தது, மேட் இல்லை. திறந்து பார்த்தோம், மூன்று வயரும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே போனாலும் பொட்டைத் தேடவில்லை. நுழைந்ததும் தரையைத்தான் பார்த்தோம்.

வெட்டிக் கிடந்த பச்சை வயரையெல்லாம் மறுபடி அதனதன் இடத்தில் முடுக்கிவிட்டு வந்தோம். என் பெட்டி வேலூருக்குப் போய், கசிந்த பாகத்தை மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. பச்சை வயர் அதன் இடத்தில் இருந்தது. கூடவே, லேசாக, அந்தப் பழைய ‘உம்ம்ம்’ திரும்பியிருந்தது. கம்ப்யூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்னத் தடுப்புப் பெட்டி போட்டால் போய்விடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அது தபாலில் வரப் பத்து நாள் ஆகும். வரட்டும் என்று இருந்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். வாசலில் நின்று, “அண்ணி எப்படி இருக்காங்க? எனக்கு நேத்துதாண்ணா தெரியும். ரெண்டு நாளா மனசே இல்ல” என்றார். நேற்றுத் தெரிந்தவருக்கு இரண்டு நாளாக எப்படி மனசில்லாமல் போகும் என்று நான் கேட்கவில்லை.

என் மனைவி வெளியே வந்தாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவள் பழத்தை வாங்கவில்லை.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மேட்டை எதுக்கு வாங்கியாந்தீங்க?”

“அண்ணி, அது... காலு வலிக்கும்னு...”

“எனக்குக் காலு வலிக்குதுன்னு நான் எப்பவும் சொல்லலையே.”

அவர் பழப் பையைக் கை மாற்றிக்கொண்டார். அவள் உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும்.

நான் அவரைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப் போனேன். “அன்னிக்கு என்னை உப்பு வாங்க அனுப்பிட்டுத்தானே வெட்டினீங்க?” என்றேன்.

“பதினோரு பேர் முன்னாடி சொல்லிட்டேண்ணா” என்றார், ரொம்ப சாதாரணமாக. “நடுவுல ஒரு சின்னப் பெட்டி போட்டா சரியாயிருக்கும். அது வர பத்து நாளு ஆவும். நாலு மணிக்கு அவங்க வந்துடுவாங்க.”

“சரி. பதினோராம் நாள் அந்தப் பெட்டியைப் போட்டிருக்கலாம் இல்ல? மூணு வருஷமாச்சே?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். நடிப்பில்லை, உண்மையிலேயே புரியவில்லை. “அதான் சத்தம் போயிடுச்சேண்ணா” என்றார்.

“கூசுதுன்னு அவ சொன்னா. கேட்டுட்டுச் சிரிச்சீங்க.”

“மேட் குடுத்தேனேண்ணா.”

“குழிக்குப் பூ வெச்சா அவ. உங்க பேச்சை நம்பிப் பூ வெச்சா. நான் உங்களை என் கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சு...”

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறியது. என் பேச்சைக் கேட்டு அல்ல. தலை லேசாகச் சாய்ந்தது. மேசை மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து, எறும்பு முனகுகிற அளவுக்கு, அது கசிந்துகொண்டிருந்தது. நான் பெட்டியை அணைக்க மறந்திருந்தேன். அவர் ஒரு விரலைத் தூக்கினார். “சரி, அதெல்லாம் இருக்கட்டும்” என்று ஆரம்பித்து, அந்தக் கேள்வியைக் கேட்டார்: இதைக் கேட்டுக்கினு உங்களால ஒரு நாள் இருக்க முடியுமாண்ணா?

“இருப்பேன்” என்றேன்.

அந்த வார்த்தை அவர் காதில் விழவில்லை. அந்தக் காதில்.

அவர் குனிந்து சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துத் திருகாணியைத் திருகினார். தடுத்திருக்கலாம், ஒரு எட்டு தூரம்தான். செய்வாரா என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. அந்தப் பிளக் அதற்கப்புறம் எந்தச் சுவரையும் தொடவில்லை, என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஆனால் அது நான் செய்தது. அவர் செய்தது இவ்வளவுதான்: உள்ளே கதவு திறந்திருக்க, அவள் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, பச்சை வயரைக் கழற்றி, பின்னால் மடித்து, டேப் சுற்றி, மூடியைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினார். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்து ஒரு பொட்டு வைத்தார். அது காய்வதற்காக, குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற மாதிரி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினார்.